ஏக்தம் ஷார்ப்

“செல்வி, இங்க வந்து பாரு. அந்தி வெளிச்சத்துல எடுத்தது. ஷட்டர அவ்வளவு மெதுவா வச்சும் படம் ஏக்தம் ஷார்ப், துளிகூடக் கலங்கல! ரெண்டு மணி நேரம் அசையாம போஸ் குடுத்துச்சு.”

தாராவி வீட்டின் ஒற்றைச் சன்னலோரம் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான் ஜெயகணேஷ். ஞாயிற்றுக்கிழமை வாஷி கழிமுகத்தில் எடுத்த வக்கா என்ற இராக்கொக்கு, ஒரு சிறகை விரித்தபடி கிளையில் நின்றது.

மனைவி பொன்செல்வி எட்டிப் பார்த்தாள். “ஏன் மணலத் தூவுன மாதிரி இருக்கு?”

“அதான் நாய்ஸ். வெளிச்சம் கம்மின்னா இப்படிப் புள்ளி புள்ளியா விழும். தொடச்சிரலாம்.”

மென்பொருள் ஓடியது. புள்ளிகள் மறைந்தன. சிறகருகே மெல்லிய கோடு ஒன்று மிஞ்சியது.

“இது புள்ளி இல்லியே?”

“இதுவும் நாய்ஸ்தான். நீ சும்மா இரு.”

அதையும் பிரஷ்ஷால் அழித்துவிட்டு, பறவைப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் படத்தை அனுப்பினான். கைதட்டல்கள் குவிந்தன. கடைசியாக, மாட்டுங்கா சங்கரநாராயணன் எழுதியிருந்தார்:

“பிரமாதம்! இன்னிக்குக் கார்த்தால நானும் போயிருந்தேன். அதே கிளை, அதே போஸ். கிட்டப் போயும் அசையவே இல்லை.”

ஜெயகணேஷ் காலண்டரைப் பார்த்தான். புதன்கிழமை.

விரல் தானாக அண்டூவை அழுத்தியது. அழித்த கோடு திரும்பி வந்தது. சிறகைச் சுற்றிக் கிளைவரை இறுக்கமாக ஓடியது.

“பட்டம் விடுத மாஞ்சா நூல்லா இது!” என்றாள் பொன்செல்வி. “ரெண்டு மணி நேரமும் அதுக்கு எதுத்தாப்லதான இருந்திய?”