கூடு கட்டும் பரீட்சை

கூடு கட்டும் பரீட்சை இனிமேல் கம்ப்யூட்டரில்தான் என்று பறவைகளுக்கு உத்தரவு வந்தது. குச்சியோடு போன காகத்திடம் வாசலிலேயே குச்சியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

திரையில் நான்கு குச்சிப் படங்கள். "கூட்டுக்கு ஏற்றதைத் தொடு" என்றது கம்ப்யூட்டர்.

"நாலுமே உளுத்த குச்சி! வெளியே வா, நல்ல குச்சி எதுன்னு காட்டறேன்!"

"நான்கில் ஒன்றைத்தான் தொட வேண்டும். பத்து விநாடி இருக்கிறது."

காகம் கத்திக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்தது. காகம் ஃபெயில். கோச்சிங் போய் மனப்பாடம் செய்திருந்த குயில் முதல் ரேங்க்.

மறுநாள் குயில் சான்றிதழோடு காகத்தின் கூட்டுக்கே வந்து நின்றது. "கொஞ்சம் தள்ளிக்கோ அக்கா, முட்டை போடணும்."

"நீதான் முதல் ரேங்க் ஆச்சே! நீயே ஒண்ணு கட்டிக்கோடி!"

"கட்டத் தெரியுமான்னு யாரும் கேக்கலையே அக்கா!"