ஐந்தாவது வீட்டின் கைப்பிடிச்சுவர்

வாடகைக்குப் பார்க்கப் போன ஐந்தாவது வீட்டிலும் அவள் அறைகளைப் பார்க்கவில்லை. நேராக மொட்டைமாடிக்கு ஏறிக் கைப்பிடிச்சுவரைத் தட்டினாள்.

“இதுவும் வேண்டாங்க. நிலநடுக்கம் வந்தா வெளிப்பக்கமா சாஞ்சிடும். தளத்தோட சேர்த்துப் பிடிக்க உள்ள கம்பியே இல்ல.”

“சுவருக்குள்ள இருக்கறது உன் கண்ணுக்கு மட்டும் தெரியுதாக்கும்,” என்று சலித்துக்கொண்டான் கணவன். “விழுந்தா வெளியதானே விழும்?”

“கீழ வாசல். ஆட்டம் கண்டதும் எல்லாரும் அங்கதான் ஓடிவருவாங்க.”

அவன் எட்டிப் பார்த்தான். வாசலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

“இதுக்குக் கையெழுத்துப் போட்ட இன்ஜினியருக்கு எப்படித்தான் தூக்கம் வருதோ.”

“வரலைங்க,” என்றபடி கைப்பையிலிருந்து அந்தக் கட்டடத்தின் பழைய வரைபடத்தை எடுத்து நீட்டினாள். கீழ் மூலையில், கல்யாணத்துக்கு முந்தைய தேதியோடு அவள் கையெழுத்து.

“சுவரோட எடையை மட்டும் கணக்குப் போட்டேன், ஆட்டத்தை விட்டுட்டேன். நான் கையெழுத்துப் போட்டதுல இன்னும் ஏழு கட்டடம் பார்க்கணும்.”