வியாழக்கிழமைப் பேச்சு

"ஒருத்தர்! ஒரே ஒருத்தராவது கையைத் தூக்குங்களேன்!"

ஒருத்தரும் தூக்கவில்லை.

சனிக்கிழமைத் தொழுகை முடிந்திருந்தது. பல்கேரியாவில், எங்கள் பிளோவ்திவ் நகரத்து யூத ஜெப ஆலயத்தில் வரப்போகும் நிகழ்ச்சிகளை அறிவிப்பது என் வேலை. அதாவது, பசியோடு இருக்கும் ஜனங்களுக்கும் பக்கத்து அறையில் ஆறிக்கொண்டிருக்கும் சாப்பாட்டுக்கும் குறுக்கே நிற்பது.

ஞாயிறு, விளக்குப் பண்டிகைக்குப் பிள்ளைகள் நாடக ஒத்திகை. செவ்வாய், பெண்கள் பாட்டுக்குழு. வியாழன், என் சொற்பொழிவு. இதை மட்டும் இரண்டு தடவை படித்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள்.

கடைசியாக, நானே மண்டையைக் குடைந்து கண்டுபிடித்த புதுத் திட்டம். தனியாக வாழ்கிறவர்களை வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு வருவது. அதற்குத்தான் கை தூக்கச் சொன்னேன்.

முன்வரிசையில் புக்கோ தொண்டையைச் செருமினான். மெத்தை தைத்து விற்கிறவன். ஆள் தங்கம், பசிதான் பொறுக்க மாட்டான்.

"வாத்தியாரே, ஓய்வுநாள்ல பேனாவைத் தொடக் கூடாதே. எங்க பேரை எப்படி எழுதுவீங்க?"

"கையைத்தானேய்யா தூக்கச் சொன்னேன்?"

"தூக்கினா அதை நீங்க ஞாபகம் வச்சுக்கணும். போன வாரம் ரபி பேரையே மாத்திச் சொன்னவராச்சே நீங்க!"

கூட்டம் சிரித்தது. எங்கள் மதகுருவான ரபியும் சேர்ந்து சிரித்தார்.

"நாளைக்கு வந்து எழுதிக் கொடுத்துடறோம், முட்டை ஆறிடும்" என்று எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். வெங்காயத் தோலில் வெந்த முட்டை என்றால் எங்கள் ஆட்களுக்கு அப்பன் பாட்டனே மறந்துபோகும்.

மறுநாள் பேனாவும் கையுமாக உட்கார்ந்து ஈ ஓட்டினேன். டிசம்பர் குளிர், ஈகூட வரவில்லை.

ஆனால் வியாழக்கிழமை பாருங்கள், கூடம் நிரம்பி வழிந்தது!

இந்தச் சொற்பொழிவு போன குளிர்காலத்தில் ஆரம்பித்தது. என் மனைவி சரீனா போய்ச் சேர்ந்திருந்த நேரம். துக்கம் முடிந்த கையோடு புக்கோ வந்து நின்றான். "பள்ளிக்கூடத்துல காலமெல்லாம் பூகோளம் சொல்லிக் கொடுத்தீங்க. எங்களுக்கும் வாராவாரம் ஏதாச்சும் சொல்லுங்களேன்" என்று கெஞ்சினான். பத்திரிகையில் கால்பந்துப் பக்கத்தைத் தவிர எதையும் புரட்டாதவனுக்கு இப்படியோர் அறிவுப் பசியா என்று எனக்குப் புல்லரித்துவிட்டது.

அன்றிலிருந்து வியாழன்தான் எனக்கு எல்லாம். விடிந்ததுமே சவரம் செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடுவேன். மற்ற நாட்களில் என் பேச்சைக் கேட்க வீட்டில் இருப்பது பிரிட்ஜ் மட்டும்தான். அதுவும் உறுமும்.

பேச்சு முடிந்ததும் ஆளுக்கொரு டப்பாவை என் கையில் திணிப்பார்கள். கீரை அடை, அரிசி திணித்த குடைமிளகாய் என்று வாரம் முழுக்கத் தாங்கும். பேச்சாளருக்குச் சன்மானம் கொடுக்கிறார்கள் என்று நானும் கம்பீரமாக வாங்கிக்கொள்வேன்.

அன்றைக்கு எடுத்துக்கொண்ட விஷயம், அடுத்தவருக்குக் கொடுப்பது எப்படி.

"கொடுக்கிறதுக்கும் ஒரு பக்குவம் வேணும்" என்று குரலை ஏற்றினேன். "வாங்குறவன் கூச்சப்படக் கூடாது. தான் வாங்குறோம்கிறதே அவனுக்குத் தெரியக் கூடாது! நம்ம பெரியவங்க அப்படித்தான் கொடுத்தாங்க!"

முன்வரிசையில் புக்கோ குறட்டை விட்டான். பக்கத்தில் பாட்டுக்குழு வெனேசியா அம்மாள் கம்பளிப் பின்னலிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"உட்கார்ந்து கேட்க மட்டும் இத்தனை பேர்! தனியா கிடக்கிற மனுஷனை எட்டிப் பார்க்க ஒருத்தருக்கும் மனசில்லை. வெட்கமா இல்லை? போதும்! அடுத்த வாரத்துலேர்ந்து வியாழக்கிழமைப் பேச்சு கிடையாது. அந்த நேரத்துல எல்லாரும் தனியா இருக்கிறவங்க வீட்டுக்குப் போங்க!"

வீராப்பாகச் சொல்லிவிட்டேன், சரி. அடுத்த வியாழன் நான் எங்கே போவேன்? யாரிடம் பேசுவேன்?

கூடமே பதறியது.

"ஐயையோ, வாத்தியாரே!"

"அதெல்லாம் நிறுத்தப்படாது!"

ரபிகூட எழுந்து நின்று, "அவசரப்படாதீங்க" என்றார்.

ஆகா, என் பேச்சுக்கு இவ்வளவு மவுசா! உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன். ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் விறைத்துக்கொண்டு நின்றேன். "முடியாது. முதல்ல நீங்க என் திட்டத்தை ஆரம்பிங்க. அப்புறம் பார்க்கலாம்."

சத்தத்தில் புக்கோ விழித்துக்கொண்டான். "என்ன? என்ன ஆச்சு?"

"பேச்சை நிறுத்தப் போறாராம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "தனியா இருக்கிறவங்களை நாம போய்ப் பார்க்கணுமாம்."

"நிறுத்தறதாவது!" என்று தூக்கக் கலக்கத்தோடு கண்ணைக் கசக்கினான் புக்கோ. "அப்புறம் வியாழக்கிழமை உங்களை நாங்க எங்கே வந்து பார்க்கிறது? ஒரு வருஷமா ஒரு வாரம் தவறாம வந்துக்கிட்டுத்தானே இருக்கோம்?"

வெனேசியா அம்மாள் பின்னல் ஊசியால் அவன் தொடையில் ஒரு குத்து விட்டார்.

ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரவர் மடியில் இருந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் குடித்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.

"எங்கே விட்டேன்?" என்று கேட்டேன்.

பின்னலிலிருந்து தலையைத் தூக்காமலே வெனேசியா அம்மாள் எடுத்துக் கொடுத்தார்.

"வாங்குறவனுக்கே தெரியக் கூடாதுன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. மேலே சொல்லுங்க, வாத்தியாரே."