காப்புக் கட்டிய கை

காளிமுத்துவின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை நழுவி, கடை வாசலில் விழுந்து உடைந்தது.

பன்வில சந்தியில் வேலைக்கு ஆள் ஏற்ற வந்த பாஸ் திவாகரன் லொறியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன காளிமுத்து, கை இந்த ஆட்டம் ஆடுது?"

அவன் வாய் திறக்குமுன் அவன் பெண்சாதி ராக்கம்மா முந்திக்கொண்டாள்.

"ஆடாம என்ன செய்யும்? ராவெல்லாம் ஊத்திக்கிட்டுக் கெடந்தா? வெக்கங்கெட்ட மனுசன்."

சாராய வாடை குப்பென்று அடித்தது. கண்டி பஸ்ஸுக்காகப் பக்கத்தில் நின்ற அடுத்த வீட்டு சுதர்சினி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அவன் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு வேறு. அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவன் குடியைத் தொடலாமா? இந்தப் பாவத்தைக் கழுவ மகாவலித் தண்ணி முழுசும் போதாது என்று சுதர்சினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காப்புக் கட்டிக்கிட்டுமாய்யா குடிக்கிற?" பாஸ் சிரித்தார். "சரி, ஏறு. குண்டசாலையில பழைய கொங்கிறீட்ட இன்னைக்கே ஒடைச்சு முடிக்கணும். பிரேக்கர் மெசின் ஒன் பொறுப்பு."

காளிமுத்து குனிந்த தலை நிமிராமல் ஏறினான். உள்ளே இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லிச் சிரித்தார்கள். லொறி கிளம்பியது.

சுதர்சினிக்கு ஆறவில்லை. "சாமி குத்தம் ஆகிப்போகும்க்கா. நாலு பேர் முன்னால மானமும் கப்பலேறுது. இந்த மனுசனோட எப்பிடித்தான் காலந்தள்ளுறீங்க?"

ராக்கம்மா குந்தி உட்கார்ந்து கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினாள்.

"காப்புக் கட்டின நாள்லயிருந்து அவரு ஒரு சொட்டுத் தொட்டதில்ல சுதா."

"அப்ப அந்த வாடை?"

"நாந்தான் சட்டையில தெளிச்சு விட்டேன். ஆத்தா கேட்டா என்னைய கேக்கட்டும்."

சுதர்சினியும் பக்கத்தில் குந்தி ஒரு துண்டைப் பொறுக்கினாள்.

"அந்த மெசினு ஒலுக்கி ஒலுக்கிக் கை செத்துப்போச்சு. குளிர் விழுந்தா வெரலெல்லாம் சுண்ணாம்பா வெளுத்துருது. சட்டைக்குப் பட்டன்கூட நாந்தான் போட்டு விடுறேன்."

"அத பாஸ்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"மேல் லயத்துல இருக்கிற கணபதிக்கும் இதே மாதிரிதான் கை. அவரு சொன்னாரு. 'கைய நல்லா சொகமாக்கிட்டு வாங்க'ன்னு எறக்கி விட்டாங்க. அதுக்கப்புறம் லொறி அவருக்கு நிக்கவேயில்ல." ராக்கம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"குடிகாரன்னா, ஏசிட்டாவது ஏத்திக்கிறாங்கல்ல?"