டுப்புவின் வேலை

"எங்க பொண்ணுக்கு ஏழு வயசு, டாக்டர். மூணு மாசமா டுப்புன்னு இல்லாத ஒருத்தனோட பேசிட்டிருக்கா" என்றாள் சுகன்யா.

"மெட்ரோவுல அவனுக்கும் இடம் பிடிக்கிறா. எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறாங்க" என்றான் பார்த்திபன்.

டாக்குரியா பகுதியில் குழந்தைகளுக்கான மனநல மருத்துவர் அவர். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த மேகலாவிடம் சிரித்தபடி வங்காள மொழியில் கேட்டார்.

"டுப்பு எப்படி இருப்பான்?"

"அப்படி யாருமே இல்ல, ஆன்ட்டி. நான் சும்மா சொன்னேன்."

பெற்றோர் இருவரும் திடுக்கிட்டார்கள்.

"எதுக்கும்மா அப்படிச் சொன்னே?" என்று கேட்டார் மருத்துவர்.

"அம்மாவும் அப்பாவும் பேசிக்க மாட்டாங்க. எதுன்னாலும் என்கிட்டதான் சொல்லி அனுப்புவாங்க. அம்மா சொன்னதைச் சொன்னா அப்பா அறைவார். அப்பா சொன்னதைச் சொன்னா அம்மா கிள்ளுவாங்க. அதனால, டுப்பு சொன்னான்னு சொல்ல ஆரம்பிச்சேன். எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்து, அடிக்கிறதை விட்டுட்டாங்க."

மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டாள் மேகலா.

"என்னைச் சரி பண்ணிடாதீங்க, ஆன்ட்டி. அப்புறம் மறுபடியும் நான்தான் போய்ச் சொல்லணும்."

சுகன்யா வாயைப் பொத்திக்கொண்டாள். பார்த்திபனின் முகம் வெளிறிப்போனது. எட்டு மாதங்களில் முதல்முறையாக மனைவியைப் பார்த்துப் பேசினான்.

"சுகன்யா, நாம என்ன பண்ணி வச்சிருக்கோம்?"

மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்ட சுகன்யா, "தெரியலீங்க" என்று உடைந்து அழுதாள்.