கரியாலூர் சிப்ஸ்

ஒரே திருகலில் முனை வளைந்துபோன ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிக் கொடுக்கத்தான் பிரிட்டோ கள்ளக்குறிச்சியின் அந்தத் தள்ளுபடிக் கடைக்கு வந்திருந்தான். வரிசையில் முன்னால் நின்ற அம்மாள் கூடை நிறைய மரவள்ளி சிப்ஸ் பாக்கெட்டுகளை அடுக்கியிருந்தாள். மேலே, சிப்ஸ் சீவும் பிளாஸ்டிக் கட்டை ஒன்று.

"இன்னாம்மா, இந்தக் கருமத்தையா வாங்கிக்கினு போறீங்க? ஒரே சிக்கு நாத்தம். எங்க வூட்டு நாய்கூட மோந்துட்டுப் போயிடுச்சு."

"வெலை கம்மி சார்."

"அந்தக் கட்டையும் ரெண்டு கெழங்குக்குத் தாங்காது."

"இதுல யாரு சார் சீவப் போறாங்க?"

பிரிட்டோ விடவில்லை. "சிப்ஸுன்னா கரியாலூர் அருவி ரோட்டுல, நீலத் தார்ப்பாய் போட்ட கடையில தின்னு பாருங்க. மலைக் கெழங்கு, அங்கியே சீவி, அங்கியே வறுத்தது. வெலை ஜாஸ்தி, ஆனா அமிர்தம்."

"சீவறத பாத்தீங்களா சார்?"

"வாசல்லியே கட்டை வெச்சிருந்தாங்களே."

அம்மாளின் முகம் மலர்ந்தது.

"அது நம்ம கடைதான் சார். அந்தக் கட்டை வெயில்ல கெடந்தே ஒடைஞ்சிட்டுது. அதான் புதுசு வாங்கறேன்."

பிரிட்டோவின் பார்வை கூடைக்குள் இருந்த பாக்கெட்டுகளில் போய் நின்றது.

"மலைக் காத்து பட்டா ருசி தானா வந்துடும் சார்" என்றாள் அவள்.