சாவி கேட்ட நீலச் சட்டை

வடக்குப்பட்டில் மத்தியான வெயில் கொளுத்துகிறது. ஷிப்ட் முடிந்து வந்த பேச்சிராஜ், திறந்து கிடக்கும் தன் அறை வாசலில் நிற்கிறான். உள்ளே பெட்டி கவிழ்ந்திருக்கிறது. தங்கை கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்த கம்மலைக் காணோம். வீட்டுக்காரம்மா கங்கா, மாவு ஒட்டிய கையோடு ஓடி வருகிறாள். "கம்பெனி சட்டை போட்டுகினு வந்தாம்பா. உங்க ரூம் பையன்னு நெனச்சி நான்தான் சாவி குடுத்தேன்." "நாங்க ஆறே பேருதானக்கா. மூஞ்சி தெரியலியா ஒங்களுக்கு?" கொடியில் காயும் நீலச் சட்டைகள் காற்றில் ஒன்றுபோல் உப்பி அடங்குகின்றன. அவற்றைப் பார்க்கிறாள். அவன் போட்டிருக்கும் நீலச் சட்டையைப் பார்க்கிறாள். இரண்டு வருஷமாக இங்கே குடியிருப்பவனின் முகத்தை உற்றுப் பார்க்கிறாள். சாவிக்கொத்தை முந்தானையில் முடிந்தபடி ஓரடி பின்னால் நகர்கிறாள். "நீ இந்த ரூமுதானாப்பா?"